ஒரே நாடு, இரண்டு கினி: 25.5க்கும் 62க்கும் நடுவில் என்ன இருக்கிறது?

2025 ஜூலையில் ஒரு செய்தி பரவலாகச் சுற்றியது. உலகிலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் இந்தியா நான்காவது இடம், கினி எண் (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண், கூடினால் ஏற்றத்தாழ்வு அதிகம்) 25.5 என்றது அரசின் செய்திக்குறிப்பு. ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடி நாம். அதே வாரம் இன்னொரு கூட்டம் எதிர் எண்ணோடு வந்தது: இந்தியாவின் கினி 62, உலகின் மிக மோசமான நாடுகளில் ஒன்று. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பொய்யர் என்றார்கள்.

25.5 என்ற எண் எடுக்கப்பட்டது 2025 ஏப்ரலில் உலக வங்கி வெளியிட்ட சுருக்கமான வறுமைக் குறிப்பிலிருந்து. அதே குறிப்பின் அதே பத்தியில்தான் 62ம் இருக்கிறது. நுகர்வுக் கினி (மக்கள் செய்யும் செலவை வைத்து அளந்தது) 2011-12இல் 28.8 ஆக இருந்தது 2022-23இல் 25.5 ஆகக் குறைந்தது, தரவுக் குறைபாட்டால் ஏற்றத்தாழ்வு குறைவாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்கிறது. அடுத்த வாக்கியம், உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி வருமானக் கினி 2004இல் 52, 2023இல் 62 என்கிறது. பத்தியை முழுதாகப் படித்த யாருக்கும் சண்டை போட வேண்டிய தேவை இருந்திருக்காது. இரண்டு எண்ணும் இரண்டு வெவ்வேறு பொருளை அளக்கின்றன. அவை எவை, எப்படி அளக்கப்படுகின்றன, எங்கே நழுவுகின்றன என்று பார்ப்போம். பொருளாதாரம் படிக்கத் தொடங்கும் ஒருவர் இந்த ஒரு வேறுபாட்டை ஆழமாகப் பிடித்துக்கொண்டால், பத்துப் புத்தகத்தில் வரும் வரைபடங்களைத் தானே சோதித்துப் பார்க்க முடியும்.

முதலில் கினியைக் கையால் போட்டுப் பழகுவோம். அமெரிக்கரான மாக்ஸ் லாரன்ஸ் 1905இல் ஒரு வளைவை முன்வைத்தார். மக்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தி, அடியில் உள்ள 10 சதவீதத்துக்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம், 20 சதவீதத்துக்கு எத்தனை என்று புள்ளி வைத்துக்கொண்டே போவது. எல்லோருக்கும் சமமாக இருந்தால் நேர்க்கோடு வரும். இல்லாவிட்டால் கோடு கீழே தொய்யும். இத்தாலியரான கொராடோ கினி 1912இல் தந்த அளவை, அந்தத் தொய்வு எவ்வளவு என்பதைச் சொல்லும் ஒற்றை எண். 0 என்றால் முழுச் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவரிடம். சிலர் நூறால் பெருக்கி 25.5 என்பார்கள், சிலர் 0.255 என்பார்கள். இரண்டும் ஒன்றே.

ஐந்து பேர் மட்டும் உள்ள ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவு ஆயிரம் ரூபாயில் 2, 3, 4, 6, 10. மொத்தம் 25. சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 2×1, 3×2, 4×3, 6×4, 10×5. கூட்டினால் 94. அதை இரட்டிப்பாக்கினால் 188. ஆள் எண்ணிக்கை 5ஐ மொத்தம் 25ஆல் பெருக்கினால் 125. 188ஐ 125ஆல் வகுத்தால் 1.504. அதிலிருந்து, ஆள் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி ஆள் எண்ணிக்கையால் வகுத்தது, அதாவது 6ஐ 5ஆல் வகுத்து வரும் 1.2ஐக் கழியுங்கள். பலர் இந்த இடத்தில்தான் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். விடை 0.304. அந்த ஊரின் நுகர்வுக் கினி இது.

இப்போது அதே ஐந்து பேரின் வருமானத்தைப் பாருங்கள்: 1, 3, 5, 9, 32. முதல் ஆள் ஆயிரம் சம்பாதித்து இரண்டாயிரம் செலவழிக்கிறார், மீதியைக் கடன் வாங்குகிறார். இரண்டாமவர் வந்ததைச் செலவழித்துவிடுகிறார். மூன்றாமவர் ஆயிரமும், நான்காமவர் மூவாயிரமும் மிச்சம் பிடிக்கிறார்கள். ஐந்தாமவர் 32 ஆயிரத்தில் 10 ஆயிரத்தைச் செலவழித்து 22 ஆயிரத்தை நிலத்திலும் பங்குகளிலும் போடுகிறார். அதே முறையில் கணக்குப் போட்டால் வருமானக் கினி 0.544. ஊர் மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை. அளந்த பொருள் மட்டும் மாறியது. 0.304 என்பதும் சரி, 0.544 என்பதும் சரி.

வயிற்றுக்கு ஓர் எல்லை உண்டு. நூறு மடங்கு வருமானம் உள்ளவர் நூறு மடங்கு சாப்பிடுவதில்லை. ஏழையால் ஓர் அளவுக்குக் கீழே செலவைக் குறைக்க முடியாது, கடன் வாங்கியாவது உலை வைக்க வேண்டும். அதனால் எந்த நாட்டிலும் நுகர்வுக் கினி வருமானக் கினியைவிடக் குறைவாகத்தான் பொதுவாக வரும். ஸ்லோவாக்கியாவின் 24.1, அமெரிக்காவின் 41.8 ஆகியவை வருமானத்தில் அளந்தவை. அவற்றின் பக்கத்தில் இந்தியாவின் நுகர்வு 25.5ஐ வைத்துத் தரவரிசை போடுவது, ஒருவரின் எடையையும் இன்னொருவரின் உயரத்தையும் ஒரே பட்டியலில் எழுதுவது போன்றது. உலக வங்கியின் தரவுத்தளத்திலேயே ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது நுகர்வா வருமானமா என்ற குறிப்பு இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் அந்தக் குறிப்பைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஐந்து பேர் ஊரை இன்னும் கொஞ்சம் வைத்திருங்கள். கணக்கெடுப்பாளர் வருகிறார். நான்கு வீட்டில் கதவு திறக்கிறது. ஐந்தாவது வீட்டின் வாசலில் காவலாளி, உள்ளே விடவில்லை. மீதி நால்வரின் வருமானம் 1, 3, 5, 9. கினி 0.361. ஒரே ஒரு வீடு தப்பியதில் 0.544 என்பது 0.361 ஆகிவிட்டது. உச்சியில் உள்ளவர்கள் கணக்கெடுப்பில் சிக்காமல் போவது எல்லா நாட்டிலும் உள்ள சிக்கல். இந்தியாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சுற்றுச்சுவர் வைத்த வளாகங்களும் பெருகப் பெருக இது கூடுகிறது. கதவு திறந்தாலும் பணக்கார வீட்டில் 400 பொருளுக்கு மேல் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதும் அளவுக்கு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

இனி உண்மையான தரவுக்கு வருவோம். இந்தியாவில் தேசிய மாதிரி ஆய்வு 1950இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் முயற்சியில் தொடங்கியது. உலகம் முழுவதும் வறுமை அளக்கும் முறைக்கு அது முன்னோடி என்று சொல்வதில் மிகை இல்லை. 1970களிலிருந்து ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய நுகர்வு ஆய்வு நடந்தது. 2011-12க்குப் பிறகு 2017-18இல் நடந்த ஆய்வின் முடிவை அரசு வெளியிடவில்லை, தரத்தில் குறை என்று 2019 நவம்பரில் கைவிட்டது. ஆக 2011-12க்கு அடுத்த எண் 2022-23தான். நடுவில் 11 ஆண்டு இருட்டு. பணமதிப்பிழப்பு, சரக்கு-சேவை வரி, கொரோனா மூன்றும் அந்த இருட்டுக்குள்தான் வருகின்றன. அந்தக் காலத்தைப் பற்றி உறுதியாக எண் சொல்லும் எவரையும் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

2022-23 ஆய்வில் 2,61,746 வீடுகள். அறிக்கையில் மக்களை 12 வகுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு நபருக்கு மாதச் சராசரிச் செலவைத் தருகிறார்கள். கிராமப்புற எண்கள் இவை, அடியிலிருந்து மேலாக, ரூபாயில்:

1,373 – 1,782 – 2,112 – 2,454 – 2,768 – 3,094 – 3,455 – 3,887 – 4,458 – 5,356 – 6,638 – 10,501

இந்தப் பட்டியலை வைத்தே கினியைப் போட்டுவிடலாம். காகிதம், கால்குலேட்டர், பத்து நிமிடம் போதும். கவனிக்க வேண்டியது ஒன்று: 12 வகுப்பும் ஒரே அகலம் இல்லை. முதல் இரண்டும் கடைசி இரண்டும் தலா 5 சதவீத மக்கள், நடுவில் உள்ள எட்டும் தலா 10 சதவீதம். எனவே முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் 0.05ஆலும், மற்றவற்றை 0.1ஆலும் பெருக்குங்கள். கூட்டினால் 3,773 வர வேண்டும். அறிக்கை தரும் கிராமப்புறச் சராசரியும் அதுதான். வராவிட்டால் எங்கோ பிழை, மேலே போகாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு விடையையும் 3,773ஆல் வகுத்துப் பங்காக்கி, கீழிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். அடி 5 சதவீதத்தினருக்கு மொத்தச் செலவில் 1.82 சதவீதம். அடி 10க்கு 4.18. அடி 20க்கு 9.78. அப்படியே 16.28, 23.62, பாதி மக்களுக்கு 31.82, பிறகு 40.98, 51.28, 63.09, அடி 90 சதவீதத்துக்கு 77.29, 95க்கு 86.08, கடைசியில் 100. லாரன்ஸ் வளைவின் புள்ளிகள் இவைதான். இப்போது அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைக் கூட்டி (0.0182, 0.0418 என்று தசமத்தில்), அந்த வகுப்பின் அகலத்தால் பெருக்கி, பன்னிரண்டையும் சேருங்கள். முதல் புள்ளிக்கு முன்னால் 0 இருப்பதை மறக்க வேண்டாம். மொத்தம் 0.7338 வரும். 1இலிருந்து கழித்தால் 0.266. அரசு சொன்ன கிராமப்புறக் கினியும் 0.266.

12 வகுப்பையும் சம அகலமாக நினைத்து அதே கணக்கைப் போட்டால் 0.314 வரும். ஓரங்களில் உள்ள 5 சதவீதத்தினரை இரண்டு மடங்கு எண்ணிவிடுவதால் வரும் பிழை. இணையத்தில் சுற்றும் சில வரைபடங்களில் விடை ஏன் பொருந்தவில்லை என்று தேடினால் பெரும்பாலும் இப்படி ஒரு சிறு காரணம்தான் கிடைக்கும்.

இந்தக் கணக்குக்கு ஓர் அடிப்படைக் குறையும் உண்டு. மேலே உள்ள 5 சதவீதம் முழுவதும் ஆளுக்கு 10,501 ரூபாய் செலவழிப்பதாக அது வைத்துக்கொள்கிறது. அந்த 5 சதவீதத்துக்குள் பத்து ஏக்கர் விவசாயியும் இருப்பார், ஊரில் பங்களா வைத்திருக்கும் குவாரி முதலாளியும் இருப்பார். அவர்களுக்குள் இருக்கும் இடைவெளி கணக்கில் இல்லை. இந்தியாவின் ஏற்றத்தாழ்வில் கணிசமான பகுதி அந்த இடைவெளிக்குள் இருக்கக்கூடும்.

கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும். அரசின் அறிக்கையில் கிராமம் 26.6, நகரம் 31.4. இரண்டையும் சேர்த்த நாட்டுக்கு உலக வங்கி எப்படி 25.5 என்று இரண்டையும்விடக் குறைவாகச் சொல்கிறது? உலக வங்கி அரசின் எண்ணை அப்படியே எடுப்பதில்லை, வீடு வாரியான தரவிலிருந்து தன் முறைப்படி மறுபடி கட்டுகிறது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள விலை வேறுபாட்டைச் சரிசெய்துவிட்டு அளக்கிறது. சென்னையில் 7,000 ரூபாயும் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமத்தில் 7,000 ரூபாயும் ஒரே வாழ்க்கையைத் தராது என்பதால் இந்தத் திருத்தம் நியாயமானதே. ஆனால் ஒரே ஆய்விலிருந்து மூன்று விதமான எண் வரலாம் என்பதற்கும் இதுவே சாட்சி.

நுகர்வு ஆய்வில் எதைக் கேட்டார்கள் என்பது போலவே எத்தனை நாளுக்குக் கேட்டார்கள் என்பதும் முக்கியம். கடந்த 30 நாளில் எவ்வளவு கத்திரிக்காய் வாங்கினீர்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, குறைத்துத்தான் சொல்வார்கள். கடந்த 7 நாள் என்று கேட்டால் நினைவிருக்கும், சில சமயம் எட்டாம் நாள் வாங்கியதும் உள்ளே வந்துவிடும். துணி, பள்ளிக் கட்டணம், மருத்துவமனைச் செலவு ஆகியவற்றை 30 நாளுக்குக் கேட்டால் பெரும்பாலான ஏழை வீடுகளில் பூஜ்யம் வரும், ஏனென்றால் அவர்கள் தீபாவளிக்கு ஒருமுறை துணி எடுப்பவர்கள். 365 நாளுக்குக் கேட்டால் அந்தப் பூஜ்யம் மறையும். அடியில் உள்ளவரின் செலவு கூடும், ஏற்றத்தாழ்வு குறையும், ஏழைகளின் எண்ணிக்கையும் குறையும். யாருடைய வாழ்க்கையும் மாறியிருக்காது.

இது எவ்வளவு பெரிய விளைவு என்பதற்கு 2011-12 ஆய்வே சான்று. அந்த ஆண்டு ஒரு பகுதி வீடுகளில் எல்லாவற்றையும் 30 நாளுக்குக் கேட்டார்கள். கிராமப்புறச் சராசரி 1,279 ரூபாய். இன்னொரு பகுதி வீடுகளில் காய்கறி, மீன், முட்டை, எண்ணெய் போன்றவற்றை 7 நாளுக்கும், துணி, கல்வி போன்றவற்றை 365 நாளுக்கும், மற்றவற்றை 30 நாளுக்கும் கேட்டார்கள். சராசரி 1,430 ரூபாய். ஒரே ஆண்டு, ஒரே நாடு. கேள்வியின் கால அளவு மாறியதில் 12 சதவீதம் கூடிவிட்டது. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி அன்றைய வறுமைக்கோடு கிராமத்தில் மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000. அந்தக் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் கோடிக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும்போது 12 சதவீதம் என்பது எத்தனை பேரைக் கோடு தாண்டவைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1999-2000 ஆய்வில் உணவுச் செலவை ஒரே வீட்டில் 7 நாளுக்கும் 30 நாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். பதில் சொல்பவரும் எழுதுபவரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எண்ணைச் சரிசெய்துகொண்டார்கள். 30 நாள் எண் இயல்பைவிட ஏறியது. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆகிவிட்டது என்ற அறிவிப்பு, தாராளமயத்தின் வெற்றியா தோல்வியா என்ற பெரிய வாதத்துக்கு நடுவில் வந்து விழுந்தது. எவ்வளவு உண்மையான சரிவு, எவ்வளவு கேள்வித்தாளின் விளைவு என்பதைப் பிரித்தெடுக்க ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். ஒரு கேள்வித்தாளின் கட்ட அமைப்பு ஒரு நாட்டின் கொள்கை விவாதத்தையே திருப்பிவிட முடியும் என்பதை எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

2022-23 ஆய்வும் பழையதுபோல் இல்லை. பொருள்களின் எண்ணிக்கை 347இலிருந்து 405 ஆனது. ஒரே அமர்வில் கேட்டதை மூன்று பகுதியாக்கி மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். காகிதத்துக்குப் பதில் டேப்லெட். இவை நல்ல மாற்றங்கள், களைத்துப்போய் அரைகுறையாகச் சொல்வது குறையும். ஆனால் 2011-12இன் 0.283, 0.363 என்ற கிராம, நகரக் கினிகளோடு 2022-23இன் 0.266, 0.314ஐ ஒப்பிட்டு "இவ்வளவு குறைந்தது" என்று அளவு சொல்வதற்கு முன், எவ்வளவு குறைவு கேள்வி கேட்ட விதத்தால் வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டின் எண் இன்னும் கேள்வி எழுப்புகிறது. 2023-24இல் நகர்ப்புறக் கினி 0.284. ஒரே ஆண்டில் 0.03 சரிவு. நகரத்தின் உச்சி 5 சதவீதத்தினரின் தலா மாதச் செலவு 20,824இலிருந்து 20,310 ரூபாயாக இறங்கியது, விலைவாசி ஏறிய ஆண்டில். கிராமத்து உச்சியும் 10,501இலிருந்து 10,137. அடியிலிருந்தவர்கள் செலவு கூடியது உண்மையாக இருக்கலாம், மகிழ்ச்சியான செய்தி. ஆனால் கார் விற்பனையும் விமானப் பயணமும் பெருகிய ஆண்டில் நகரத்துப் பணக்காரர்கள் ரூபாய்க் கணக்கிலேயே குறைவாகச் செலவழித்தார்கள் என்பதை நான் நம்பத் தயாரில்லை. உச்சியில் உள்ள வீடுகள் சரியாகப் பிடிபடவில்லை என்பதே என் முடிவு.

செலவில் எது சேரும், எது சேராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு, மனை வாங்கிய பணம் நுகர்வுச் செலவு ஆகாது. கடன் தவணை ஆகாது. காப்பீட்டில் போடும் சேமிப்பு ஆகாது. சொந்த வீட்டில் இருப்பவருக்கு மிச்சமாகும் வாடகையையும் இந்திய அறிக்கையின் சராசரியில் சேர்ப்பதில்லை. ஆகவே சொந்த வீட்டில் வசதியாக இருக்கும் குடும்பமும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை வாடகையாகக் கட்டும் குடும்பமும் ஒரே செலவுக்காரர்களாகத் தெரிய வாய்ப்பு உண்டு. வயலில் விளைந்து வீட்டில் உண்ட நெல்லுக்குச் சந்தை விலை இல்லாமல் களத்து விலை போடுகிறார்கள்.

இலவசமாகக் கிடைப்பது தமிழ்நாட்டுக்கு முக்கியமான விஷயம். ரேஷன் அரிசி, மிதிவண்டி, மடிக்கணினி, பள்ளிச் சீருடை போன்றவற்றின் மதிப்பை 2022-23இல் தனியாகக் கணக்கிட்டு இன்னொரு சராசரியும் தந்தார்கள். அகில இந்தியக் கிராமச் சராசரி 3,773 என்பது 3,860 ஆகிறது, நகரம் 6,459 என்பது 6,521. ஆனால் அரசு மருத்துவமனையில் இலவசமாக நடந்த பிரசவமும், அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் படித்த ஆண்டுகளும் இந்த மதிப்பில் கிடையாது. அதனால் பொதுச் சேவை வலுவாக உள்ள மாநிலத்தில் ஏழையின் உண்மையான வாழ்க்கைத்தரம் இந்த எண் காட்டுவதைவிட மேலாக இருக்கும். தனியார் மருத்துவமனைக்குக் கடன் வாங்கிக் கட்டும் ஏழையின் செலவு மட்டும் முழுதாக உள்ளே வந்து அவரை வசதியானவராகக் காட்டும். நுகர்வை நலனுக்குச் சமமாக வைப்பதில் எனக்கு ஏற்க முடியாத இடம் இதுதான்.

தமிழ்நாட்டின் எண்ணில் கவனிக்க வேண்டியது கிராம-நகர இடைவெளி. 2022-23இல் கிராமம் 5,310 ரூபாய், நகரம் 7,630. நகரம் கிராமத்தைவிட 44 சதவீதம் அதிகம். அகில இந்திய அளவில் இந்த இடைவெளி 71 சதவீதம். இங்கே கிராமத்திலிருந்து பேருந்து ஏறினால் அரை மணியில் ஒரு சிறுநகரம், அங்கே ஒரு மில்லோ பட்டறையோ கடையோ. கிராமத்தில் குடியிருந்து நகரத்தில் சம்பாதிப்பவர்கள் ஏராளம். அவர்கள் செலவு கிராமக் கணக்கில் ஏறுகிறது. ஒரு சமூகம் வளரும்போது வேலை எப்படி ஊருக்கு அருகில் வருகிறது என்பதை வளர்ச்சி விகிதத்தைவிட இந்த இடைவெளி நன்றாகச் சொல்லும்.

62 எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் நாடு முழுவதற்குமான அதிகாரபூர்வ வருமான ஆய்வு எதுவும் 2025 வரை வெளிவரவில்லை. எனவே ஆய்வாளர்கள் பல துண்டுகளை ஒட்டுப்போடுகிறார்கள். உச்சிக்கு வருமான வரி அட்டவணைகள், நடுவுக்கும் அடிக்கும் நுகர்வு ஆய்வும், 2004-05, 2011-12 ஆண்டுகளில் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் வருமான விவரமும், மொத்தத்துக்கு தேசிய வருமானக் கணக்கு. 2024 மார்ச்சில், அந்தத் தரவுத்தளத்தை நடத்தும் பாரிஸின் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் வெளியிட்ட ஆய்வில் 2022-23இல் உச்சி 1 சதவீதத்தினர் தேசிய வருமானத்தில் 22.6 சதவீதத்தையும், சொத்தில் 40.1 சதவீதத்தையும் வைத்திருப்பதாக வந்தது இப்படித்தான்.

இந்த ஒட்டுவேலையிலும் தையல் தெரியும் இடங்கள் உண்டு. வரி அட்டவணை தனிநபரைச் சொல்லும், ஆய்வு குடும்பத்தைச் சொல்லும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, ஆகவே பெரிய நிலக்காரர்கள் வரித் தரவில் தெரிவதில்லை. வரி விவரங்கள் 2000ஐ ஒட்டி நின்றுபோய், 2011-12க்கானவற்றிலிருந்துதான் மீண்டும் 2016இல் வெளிவரத் தொடங்கின. இதற்கு மேல், இந்த 62 வரிக்கு முந்தைய வருமானம். அரசு தரும் ரேஷனும் உதவித்தொகையும் சேர்வதற்கு முன்பு உள்ள நிலை. ஆகையால் 62ஐ எடுத்துக்கொண்டு நலத்திட்டங்கள் எதையும் மாற்றவில்லை என்று வாதிடுவதும் தவறு, அந்த எண் அதை அளக்கவே இல்லை.

இரண்டில் எது உண்மைக்கு நெருக்கம் என்று கேட்டால், கேள்வியைப் பொறுத்தது என்பேன். கடைசித் தட்டில் உள்ளவர் வயிறார உண்கிறாரா, செருப்புப் போடுகிறாரா என்று கேட்டால் நுகர்வு ஆய்வை நம்புங்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேட்டது அது. நிலமும் தொழிலும் அரசியல் செல்வாக்கும் யார் கையில் குவிகிறது என்று கேட்டால் நுகர்வு ஆய்வு குருடு. அங்கே வரித் தரவையும் சொத்து ஆய்வையும்தான் பார்க்க வேண்டும், எத்தனை தையல் இருந்தாலும்.

கினி என்ற ஒற்றை எண்ணே எவ்வளவு மறைக்கும் என்பதையும் பாருங்கள். நூறு பேர் உள்ள ஊரில் 50 பேருக்கு ஒன்றுமில்லை, மற்ற 50 பேரும் சமமாகப் பங்கிடுகிறார்கள். கினி 0.5. இன்னொரு ஊரில் ஒருவர் மட்டும் 51 சதவீதத்தை வைத்திருக்கிறார், மற்ற 99 பேரும் மீதியைச் சமமாகப் பங்கிடுகிறார்கள். கினி அங்கேயும் 0.5. (இரண்டு பிரிவு மட்டும் இருந்தால் மேல் பிரிவின் வருமானப் பங்கிலிருந்து அதன் மக்கள் பங்கைக் கழித்தால் கினி வந்துவிடும்.) முதல் ஊரில் பாதிப் பேர் பட்டினி. இரண்டாம் ஊரில் பட்டினி இல்லை, ஒரு ஜமீன்தார் இருக்கிறார். அரசு செய்ய வேண்டிய வேலை இரண்டு ஊரிலும் வேறு வேறு. அதனால் கினியைத் தனியாகத் தரும் கட்டுரையில், அடி 50 சதவீதத்தின் பங்கு, உச்சி 10 சதவீதத்தின் பங்கு இரண்டையும் தேடுங்கள். இல்லையென்றால் வகுப்பு அட்டவணையைத் தேடி நீங்களே மேலே சொன்ன முறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி பற்றிப் படிக்கும்போது தவிர்க்க முடியாமல் பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸின் பெயர் வரும். நாடு தொழில்மயமாகும்போது ஏற்றத்தாழ்வு முதலில் கூடும், பிறகு தானாகக் குறையும் என்று 1955இல் சொன்னதாகப் பாடநூல்கள் ஒரு கவிழ்த்த கிண்ண வடிவ வளைவை வரைந்து காட்டும். அவர் கையில் இருந்தது அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனியின் சில பகுதிகள் பற்றிய கொஞ்சம் தரவு மட்டுமே. தன் கட்டுரையில் தரவு 5 சதவீதம், ஊகம் 95 சதவீதம் என்று அவரே எழுதிவைத்தார். அந்த வரியை விட்டுவிட்டு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு, "இப்போது கூடட்டும், பிறகு குறையும்" என்று எத்தனையோ நாடுகளில் கொள்கை வகுத்தார்கள். ஏழை நாடுகளில் நிலச் சீர்திருத்தத்தையும் கல்விச் செலவையும் தள்ளிப்போட அந்த வளைவு பயன்பட்டது என்பது வருத்தத்துக்குரிய வரலாறு.

தாங்களே தரவைத் தொட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு: புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் நுகர்வு ஆய்வின் வீடு வாரியான தரவு, பெயர் முகவரி நீக்கி, கட்டணமின்றிக் கிடைக்கிறது. இறக்கியவுடன் சராசரி போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எடை எண் உண்டு, அந்த வீடு நாட்டில் எத்தனை வீடுகளைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்பது அது. ஆள் கணக்கில் கினி வேண்டுமானால் அந்த எடையைக் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். ஏழைக் குடும்பங்கள் பொதுவாகப் பெரியவை, அதனால் இதை மறந்தால் அடியில் உள்ளவர்கள் எண்ணிக்கை சுருங்கிவிடும். முதலில் அறிக்கையில் உள்ள 3,773ஐயும் 6,459ஐயும் உங்கள் கணக்கில் வரவைத்துப் பாருங்கள். அவை வந்த பிறகுதான் மாநிலம், சாதிப் பிரிவு, தொழில் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்க வேண்டும். மாவட்ட அளவுக்கு இறங்கும்போது மாதிரி மெலிந்துவிடும், சில மாவட்டங்களில் விடை ஊசலாடும்.

2026இல் முதல்முறையாக நாடு முழுவதற்குமான குடும்ப வருமான ஆய்வு நடத்தப்போவதாக அமைச்சகம் 2025இல் அறிவித்தது. வருமானத்தைக் கேட்டுப் பார்க்கும் முயற்சி புதிதல்ல. 1955இலும் 1958-59இலும், பிறகு 1964-65, 1969-70 சுற்றுகளிலும் கேட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள். மக்கள் சொன்ன வருமானம், அவர்களே சொன்ன செலவையும் சேமிப்பையும் சேர்த்தால் வருவதைவிடக் குறைவாக இருந்தது. மாதச் சம்பளக்காரர் ஒரே எண்ணில் பதில் சொல்லிவிடுவார். விவசாயிக்கு வருமானம் என்பது அறுவடையில் வந்ததிலிருந்து விதை, உரம், கூலி, டிராக்டர் வாடகை, வட்டி எல்லாம் கழித்து மிஞ்சுவது, அதை அவர் எங்கும் எழுதிவைத்திருப்பதில்லை. பெட்டிக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எடுத்து வீட்டுக்கும் செலவழிக்கிறார், சரக்கும் போடுகிறார். இந்த இரண்டு வகையினரிடமும் ஆய்வு என்ன கேள்வியை, எத்தனை நாள் அல்லது எத்தனை பருவத்துக்குக் கேட்கிறது என்பதை, முடிவு வெளிவரும் நாளில் முதல் பக்க எண்ணுக்கு முன்னால் பின்னிணைப்பில் தேடிப் படிக்க வேண்டும்.